செங்கோட்டைக்காரி வைத்த மருந்து

சந்தனமாரி தாய்வீட்டிலிருந்து கொண்டுவந்த சக்கவரட்டியை அந்த வீட்டில் முதலில் வாயில் வைத்துப் பார்த்தவள் முப்பிடாதியம்மாள்தான். பலாச்சுளையை வெல்லம் போட்டு, நெய் விட்டு, கை ஓயக் கிண்டிய பண்டம். ஒரு விரல் எடுத்து நக்கியவள், ஆள் இல்லாத நேரம் பார்த்து இன்னொரு விரலும் எடுத்தாள். பிற்பாடு தெருவே அந்தச் சக்கவரட்டியைப் பற்றிப் பேசியபோது இந்த ஒரு விஷயத்தை மட்டும் அவள் யாரிடமும் சொல்லவில்லை. மறைத்தாள் என்றும் சொல்ல முடியாது. சந்தேகம் புகுந்த மனசு முறத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிடும். தனக்கு வேண்டியதை நிறுத்திக்கொண்டு மற்றதையெல்லாம் புடைத்துத் தள்ளிவிடும்.

தென்காசியில் கீழப்புலியூர்ப் பக்கம் வீடு. முப்பிடாதியின் புருஷன் சிவனணைந்தபெருமாளுக்கும் அவர் தம்பி தங்கசாமிக்கும் பொதுவில் ஆற்றுப் பாசனத்து வயலும் ஒரு தென்னந்தோப்பும் இருந்தன. வருஷக்கணக்காக வயிறு திறக்காமல் கிடந்து, போகாத கோயிலெல்லாம் போய், கடைசியில் சங்கிலி பூதத்தாருக்கு நேர்ந்துகொண்டு முப்பிடாதி பெற்ற ஒற்றைப் பிள்ளை சங்கிலிப்பாண்டி. ஐந்து வயது. அவன் இரண்டு தும்மல் சேர்ந்தாற்போல் தும்மினால் அவள் அடுப்பை அணைத்துவிட்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்துகொள்வாள்.

தங்கசாமிக்கு அந்தத் தை மாதம்தான் செங்கோட்டையிலிருந்து சந்தனமாரியைப் பெண் எடுத்தார்கள். செங்கோட்டை என்ன கண்காணாத தேசமா? கூப்பிடு தூரம். பேச்சும் சாமியும் சாப்பாடும் தென்காசியில் இருப்பதுதான். ஆனாலும் அது திருவிதாங்கூர் சீமை; நடுவில் ஒரு சுங்கச்சாவடி நின்றது. சாவடிக்கு மேற்கே எல்லா வீட்டிலும் மந்திரமும் மருந்தும்தான் என்று தென்காசிக்காரர்கள் பிறக்கும்போதே படித்துக்கொண்டு வந்தவர்கள் போலப் பேசுவார்கள். மருந்து என்றால் டாக்டர் கொடுப்பதில்லை. சோற்றிலோ பண்டத்திலோ வைத்துக் கொடுத்துவிட்டால், குடலில் ஒட்டிக்கொண்டு ஆளை உருக்கி எடுக்கும். இல்லாவிட்டால் வைத்தவர் காலையே சுற்றிவரச் செய்யும். எதற்கு வைக்கிறோமோ அதைச் செய்யும் என்பது நம்பிக்கை.

சக்கவரட்டி வந்த மாதமே சங்கிலிப்பாண்டி இளைக்கத் தொடங்கினான். தூக்கத்தில் பல்லை நறநறவென்று கடித்தான். படுத்துக் கொஞ்ச நேரம் ஆனதும் பின்பக்கத்தைச் சொறிந்துகொண்டு புரண்டான், அழுதான். பகலெல்லாம் தூக்கக் கலக்கம், சிடுசிடுப்பு, தட்டைக் கண்டால் வெறுப்பு. அடுத்த வீட்டு ரெங்கம்மாள் வந்து பார்த்துவிட்டு, பூச்சியாக இருக்கும், வேப்பங்கொழுந்தை அரைத்துக் கொடு என்றாள். கொடுத்தாள். ஒரு நாள் தேவலை போல இருந்தது. மறுபடி பழைய குருடி கதவைத் திறடி என்று ஆயிற்று.

ரெங்கம்மாள் அடுத்த தடவை வந்தபோது பிள்ளையைப் பார்க்கவில்லை. பின்கட்டில் பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்த சந்தனமாரியைப் பார்த்தாள். பிறகு குரலைத் தணித்து, உன் ஓரகத்திக்கு எந்த ஊர் என்று கேட்டாள். கல்யாணத்துக்கு வந்து விருந்து சாப்பிட்டவள்தான். ஊர் தெரியாமலா கேட்டாள்?

அந்தக் கேள்வி முப்பிடாதிக்குள் போய் உட்கார்ந்துகொண்டது. சங்கிலிப்பாண்டி இல்லாவிட்டால் வயலும் தோப்பும் யாருக்கு? நாளைக்குச் சந்தனமாரி பெறப்போகிற பிள்ளைக்கு. கணக்கு எவ்வளவு சுலபமாக வந்துவிட்டது பாருங்கள். அதற்குப் பிறகு சந்தனமாரி செய்ததெல்லாம் சாட்சி ஆயிற்று. பிள்ளையைத் தூக்கினால் எதற்குத் தூக்குகிறாள். தூக்காவிட்டால் குற்றமுள்ள நெஞ்சு. சிரித்தால் நடிப்பு. சிரிக்காவிட்டால் சாவடிக்கு மேற்கத்திப் புத்தி.

முப்பிடாதி காவலை ஆரம்பித்தாள். சந்தனமாரி அடுக்களைக்குள் வரக்கூடாது என்று ஆயிற்று. அவளுக்குத் தனித் தட்டு, தனிச் செம்பு, பின்கட்டில் சாப்பாடு, நெல் போடுகிற அறையில் படுக்கை. தோப்புக் காவலுக்கென்று தங்கசாமி பெரும்பாலும் தோப்புக் குடிசையிலேயே படுத்துவிடுவான். வீட்டில் நடப்பது அவனுக்கு அரைகுறையாகத்தான் தெரியும். பிள்ளைக்கு முப்பிடாதி தன் கையால் பிசைந்த சோற்றைத் தவிர வேறு எதையும் காட்டுவதில்லை. சட்டியிலேயே சோற்றைப் போட்டுக் குழம்பை விட்டுப் பிசைந்து, உருண்டை உருட்டி, அதன் நடுவில் பெருவிரலால் குழி பண்ணி, அதில் இன்னும் கொஞ்சம் குழம்பு விட்டு, பிள்ளைக்கு ஒன்று, புருஷனுக்கு ஒன்று, தனக்கு ஒன்று என்று சுற்றுவாள். சிவனணைந்தபெருமாளுக்கு அதில் சந்தோஷம். தட்டு கழுவுகிற வேலைகூட மிச்சம் என்று சொல்லிக்கொண்டு கையை நீட்டுவார்.

இன்னொன்றும் செய்தாள். மருந்து வைக்கிறவர்களுக்கு ஆளின் நகமும் முடியும் உடுத்திய துணியும் கிடைத்துவிட்டால் போதும், உட்கார்ந்த இடத்திலிருந்தே வேலையை முடித்துவிடுவார்கள் என்று கேள்விப்பட்டிருந்தாள். அதனால் பிள்ளைக்கு நகம் வெட்டுவதை நிறுத்தினாள். வெட்டிய துண்டு எங்கே விழுகிறது, யார் கூட்டி அள்ளுகிறார்கள் என்று எந்நேரமும் பார்த்துக்கொண்டிருக்க முடியுமா? தன் நகத்தையும் வெட்டவில்லை. பிள்ளை போட்ட சட்டையையும் படுத்த விரிப்பையும் வெளுக்கப் போடவில்லை; வெளியே கொடியில் உலர்த்தவும் பயந்தாள். காலையில் எழுந்ததும் விரிப்பை அறைக்குள்ளேயே நாலு உதறு உதறி, மடித்து, பெட்டிக்குள் வைத்துப் பூட்டிவிடுவாள். இரவில் அதே விரிப்பில், அதே போர்வைக்குள், பிள்ளையைத் தன்னோடு சேர்த்துப் போட்டுக்கொண்டு படுப்பாள். ஊரில் எந்தத் தாயும் பிள்ளையை இத்தனை பத்திரமாகக் காத்ததில்லை என்று அவளுக்கு ஒரு பெருமைகூட இருந்தது.

பிள்ளைக்கு அரிப்பு கூடிற்று. கொஞ்ச நாளில் அவளுக்கும் வந்தது. வந்த இடத்தை யாரிடம் சொல்வது? புருஷனிடம்கூடச் சொல்லக் கூசினாள். பிள்ளைக்கு வைத்த மருந்து தன்னையும் பிடித்துவிட்டது என்று நினைத்து, விளக்குக்கு முன்னால் நின்று அழுதாள். பாவம், அந்த அழுகை நிஜமானது.

ஆனியில் சாரல் விழுந்தது. குற்றாலத்துக்குச் சாரல் காலத்தில் மட்டும் வந்து, அருவிக்கரைப் பக்கம் ஒரு குச்சுவீட்டில் தங்குகிற பிச்சைமணி என்று ஒருவர் இருந்தார். வயிற்றில் வைத்த மருந்தை எடுப்பதில் சமர்த்தர் என்று பேர். ரெங்கம்மாள்தான் சொல்லிவிட்டாள். முப்பிடாதி புருஷனையும் பிள்ளையையும் கூட்டிக்கொண்டு வண்டி கட்டிப் போனாள். பிச்சைமணி பிள்ளையின் நாடியைப் பிடித்து, கண்ணை மூடி, மேற்கேயிருந்து யாராவது வீட்டுக்கு வந்திருக்கிறார்களா என்று கேட்டார். தென்காசிக்கு மேற்கே செங்கோட்டைதான், அதற்கப்பால் மலை. தென்காசியில் கேட்டால் பாதிப் பேர் ஆமாம் என்றுதான் சொல்லுவார்கள். முப்பிடாதிக்கு அது தோன்றவில்லை. மயிர்க்கூச்செறிந்தது அவளுக்கு.

பச்சைச் சாறு ஒன்றைக் குடிக்கவைத்தார். பிள்ளை குடல் வெளியே வருகிற மாதிரி வாந்தி எடுத்தான். பிச்சைமணி குனிந்து அதற்குள் கையை விட்டு, கறுப்பாக ஒரு மயிர்ச்சுருளை எடுத்துக் காட்டினார். குனிவதற்கு முன்னால் அவர் கைக்குள் என்ன இருந்தது என்று பார்க்க அங்கே யாருக்கும் நெஞ்சில் தெம்பில்லை. மருந்து வெளியே வந்துவிட்டது, அதன் வேர் உள்ளே நிற்கிறது, இன்னொரு தடவை கூட்டி வா என்று சொல்லி அனுப்பினார்.

மறுநாள் காலை சிற்றாற்றுப் படித்துறையில் பெண்கள் கூடியிருந்த நேரம். சந்தனமாரி தன் துணியைத் துவைத்துக்கொண்டிருந்தாள். முப்பிடாதி மேற்படியில் நின்றபடி, எல்லாரும் கேட்கச் சொன்னாள்.

"எம் பிள்ளைக்கு மருந்து வச்சவ இந்தா இருக்கா. சக்கவரட்டிக்குள்ள மயிரச் சுருட்டி வச்சுக் குடுத்திருக்கா. நேத்து குற்றாலத்துல எடுத்தாச்சு. எங் கண்ணால பாத்தேன்."

துவைக்கிற சத்தம் நின்றது. சந்தனமாரி முதலில் யாரைச் சொல்கிறார்கள் என்று திரும்பிப் பார்த்தாள். தன்னைத்தான் என்று தெரிந்ததும் முகம் வெளிறியது. பெரிய கோயிலில் கற்பூரம் அடித்துச் சத்தியம் பண்ணுகிறேன் என்றாள். சாவடிக்கு மேற்கத்திச் சத்தியம் தென்காசிக் கோயிலில் செல்லாது என்றாள் முப்பிடாதி. ஒருத்தி சிரித்தாள். ரெங்கம்மாள் தன் பேத்தியைக் கையைப் பிடித்துக் கொஞ்சம் தள்ளி நிறுத்திக்கொண்டாள்.

அன்று மத்தியானம் தங்கசாமி தோப்பிலிருந்து வந்து, பெண்டாட்டியின் தகரப் பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு, கொல்லம் போகிற ரயிலில் அவளைச் செங்கோட்டையில் கொண்டுபோய் விட்டுவிட்டு வந்தான். அதற்குப் பிறகு அவன் அண்ணன் வீட்டுப் படி ஏறவில்லை. பஜாரில் காப்பிக் கிளப்பில் சாப்பிட்டான். அண்ணனைப் பார்த்தால் எதிர்ப்பக்கமாகப் போனான். பாகம் பிரித்துவிடலாம் என்று ஆள் அனுப்பினான். அதுதான் சிவனணைந்தபெருமாளை உலுக்கிவிட்டது. ஆனாலும் பெண்டாட்டி சொல்லுக்கு எதிர்ச்சொல் சொல்லிப் பழக்கமில்லாத மனுஷன் என்ன செய்வார்? வாசலில் நின்று மாட்டைத் தடவிக்கொடுத்துக்கொண்டிருந்தார்.

மருந்து வைத்தவள் போய்விட்டாள். பிள்ளைக்கு மட்டும் குணமாகவில்லை. இன்னும் மோசம். சொறிந்த இடம் புண்ணாகி, உட்காரவே அழுதான். வேர் நிற்கிறது என்று சொன்னாரே என்று மறுபடி குற்றாலத்துக்கு வண்டி கட்டினார்கள். இந்தத் தடவை சாற்றைக் குடித்து வாந்தி எடுத்த பிள்ளை அப்படியே கண் செருகிச் சாய்ந்தான். பிச்சைமணி பதறாமல், மருந்து இறங்குகிறது, அப்படித்தான் இருக்கும் என்றார். சிவனணைந்தபெருமாள் பிள்ளையைத் தோளில் தூக்கிப் போட்டுக்கொண்டு வண்டியில் ஏறினார். முப்பிடாதி ஓடிவந்து தொற்றிக்கொண்டாள். வண்டி வீட்டுக்குப் போகிற பாதையில் திரும்பவில்லை. டாக்டர் துல்கர்னைன் வீட்டு வாசலில் போய் நின்றது. கல்யாணமான நாளாக அவளைக் கேட்காமல் அவர் செய்த முதல் காரியம் அது.

துல்கர்னைன் எல்.எம்.பி. படித்த டாக்டர். முன்கோபக்காரர் என்று பேர். கைராசிக்காரர் என்றும் பேர். பிள்ளைக்கு உப்பும் சீனியும் கலந்த தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகப் புகட்டி, கண் திறக்கும்வரை பக்கத்திலேயே இருந்தார். பிறகு விவரம் கேட்டார். பல் கடிக்கிறானா, படுத்த பிறகுதான் அரிப்பா என்று அவர் கேட்கக் கேட்க, இவருக்கும் யாரோ சொல்லி வைத்திருக்கிறார்கள் என்று முப்பிடாதிக்குத் தோன்றியது. டாக்டர் பிள்ளையின் கையை எடுத்து விரலை விரித்துப் பார்த்தார். நகம் ஒவ்வொன்றும் நீண்டு, அடியில் கறுத்துக் கிடந்தது.

பிள்ளை தெளிந்ததும் எனிமா கொடுத்து, வெள்ளைப் பீங்கான் பாத்திரத்தில் இருக்கவைத்தார். அதை வெயிலில் கொண்டுவந்து அவளைக் கூப்பிட்டார். வெள்ளை நூலைச் சிறிது சிறிதாகக் கத்தரித்துப் போட்டதுபோல இருந்தது. நூல் நெளிந்தது.

"கீரிப்பூச்சி," என்றார் டாக்டர். "மருந்துமில்ல, மாயமுமில்ல."

பூச்சி என்றால் வேப்பங்கொழுந்துக்குப் போயிருக்குமே என்று அவள் விடவில்லை. இருக்கிறது போனாலும் புதிது வந்துகொண்டே இருந்தால் எப்படிப் போகும் என்று டாக்டர் கேட்டார். பிள்ளை தூங்கினதும் பெண் பூச்சி வெளியே வந்து முட்டை போடும். கண்ணுக்குத் தெரியாத முட்டை. அதுதான் அரிப்பு. பிள்ளை சொறிவான். முட்டை நகத்துக்கு அடியில் போய் உட்கார்ந்துகொள்ளும். அந்தக் கையோடு வாயில் விரல் வைத்தால் மறுபடி வயிற்றுக்குள். விரிப்பில் விழுந்தது விரிப்பில் கிடக்கும், சட்டையில் ஒட்டியது சட்டையில் இருக்கும். ரெண்டு வாரம்கூடச் சாகாது. விரிப்பை உதறினால் தூசியோடு பறந்து பண்டத்திலும் பாத்திரத்திலும் விழும். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் யாரிடமிருந்தாவது முதலில் ஒட்டியிருக்கும், யார் என்று தேடுவது வீண் வேலை என்றார்.

"பிள்ளைக்கு யாரு சோறு ஊட்டுதது?"

"நாந்தான்," என்றாள் முப்பிடாதி. "வேற யாரையும் விடுததில்ல."

"உங்க கையக் காட்டுங்க, தாயி."

அவள் இரண்டு கையையும் முந்தானைக்குள் இழுத்துக்கொண்டாள். டாக்டர் வற்புறுத்தவில்லை. உங்களுக்கும் அரிப்பு உண்டா என்று கேட்டார். அவள் தரையைப் பார்த்தாள். புருஷன் முன்னால், வேற்று ஆண் முன்னால், என்னவென்று சொல்வாள்? அப்போது சிவனணைந்தபெருமாள் தொண்டையைச் செருமிக்கொண்டு, எனக்கு உண்டு டாக்டர், சித்திரையிலிருந்தே உண்டு என்றார். ஒரே போர்வைக்குள் புருஷனும் பெண்டாட்டியும் ஒருவருக்குத் தெரியாமல் ஒருவர் சொறிந்துகொண்டு கிடந்த கதை அன்றைக்குத்தான் வெளியே வந்தது.

முப்பிடாதியிடம் இன்னும் ஒரு சாட்சி மிச்சம் இருந்தது. அதைக் கடைசியில் எடுத்துப் போட்டாள்.

"வீட்டுல எல்லாருக்கும் ஒட்டும்னு சொல்லுதியளே. அவளுக்கு மட்டும் ஏன் ஒட்டல? நாந்தான் ராவும் பகலும் அவளையே பாத்துக்கிட்டு இருந்தேனே. ஒரு நாள் சொறிஞ்சு பாக்கல. நிம்மதியாத் தூங்கினா. வச்சவளுக்குத்தான வராது?"

யார் அவள், எங்கே சாப்பிட்டாள், எங்கே படுத்தாள் என்று டாக்டர் கேட்டார். சிவனணைந்தபெருமாள்தான் ஒவ்வொன்றாகச் சொன்னார்: தனித் தட்டு, பின்கட்டு, தனி அறை, தன் துணியைத் தானே ஆற்றில் துவைத்து வெயிலில் போட்டது.

"அப்ப அவ தப்பிச்சிட்டா," என்றார் டாக்டர். "நீங்க தள்ளி வச்சதுலதான் தப்பிச்சிருக்கா. பிள்ளைய அணைச்சுக்கிட்டியளே, அவனால தப்ப முடியல."

அதற்கு மேல் அவர் அவளைத் திட்டவில்லை. கத்தரியை எடுத்துப் பிள்ளையின் நகத்தை ஒட்ட வெட்டினார். வெள்ளிக்கிழமை, வெள்ளிக்கிழமை என்று அவள் முணுமுணுத்தது காதில் விழாத மாதிரி வெட்டினார். கீழே விழுந்த துண்டுகளை அவள் குனிந்து பொறுக்கப் போனபோது, அதை ஒரு தாளில் வாங்கித் தீக்குச்சி கிழித்துக் கொளுத்திவிட்டு, கத்தரியை அவள் பக்கம் நீட்டினார். அவள் தன் நகத்தை வெட்டினாள். வெட்டின நகம் ஒவ்வொன்றின் அடியிலும் அவள் உருட்டிக் கொடுத்த சோற்று உருண்டைகள் அவள் கண்ணுக்குத் தெரிந்தன. மேற்கேயிருந்து எதுவும் வரவில்லை. தன் கையாலேயே தன் பிள்ளைக்கு இதை ஊட்டியிருக்கிறாள். அந்த இடத்தில் தரை பிளந்தால் உள்ளே போயிருப்பாள்.

வீட்டில் இருக்கிற எல்லாரும், அரிப்பு இருந்தாலும் இல்லாவிட்டாலும், ஒரே சமயத்தில் மருந்து சாப்பிட வேண்டும் என்று டாக்டர் கசப்பு மருந்து கொடுத்தார். தங்கசாமிக்கும் ஒரு புட்டி கொடுத்துவிட்டார். ரெண்டு வாரம் கழித்து இன்னொரு தடவை வரவேண்டும். வெளிக்குப் போய்விட்டு வந்தாலும் சோற்றில் கை வைக்கும் முன்னாலும் சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும். காலையில் எழுந்ததும் பிள்ளையை இடுப்புக்குக் கீழே நன்றாகக் கழுவிவிட வேண்டும். இரவில் இறுக்கமான நிஜார் போட வேண்டும், தனியாகப் படுக்க வேண்டும், நகம் வாரா வாரம் வெட்ட வேண்டும்.

அன்று பின்கட்டில் நெல் அவிக்கிற அண்டாவை அடுப்பில் ஏற்றினாள். பெட்டியில் பூட்டி வைத்திருந்த விரிப்பு, போர்வை, சட்டை, தலையணை உறை எல்லாவற்றையும் உதறாமல் அப்படியே சுருட்டிக் கொதிக்கிற தண்ணீரில் அமுக்கினாள். அறையை ஈரத்துணியால் துடைத்தாள். ரெங்கம்மாள் சுவருக்கு மேலே எட்டிப் பார்த்து, என்னட்டி துணிக்கு அவியல் வைக்கிற என்று கேட்டதற்குப் பதில் சொல்லவில்லை. ஒரு வாரத்தில் சங்கிலிப்பாண்டி பல் கடிப்பதை நிறுத்தினான். அடுத்த வாரம் தட்டில் போட்டதைத் தன் கையால் அள்ளித் தின்றுவிட்டு இன்னும் கேட்டான். கேட்கிற பிள்ளையைப் பார்த்துச் சந்தோஷப்படுவதற்குள் அவளுக்குச் செங்கோட்டை ஞாபகம் வந்துவிடும். அவன் தேறத் தேற அவளுக்குச் சோறு இறங்காமல் போயிற்று.

ஒருநாள் அவளாகவே பிள்ளையைக் கூட்டிக்கொண்டு ரயில் ஏறினாள்.

செங்கோட்டையில் சந்தனமாரியின் தாய் வாசலிலேயே எதிர்ப்பட்டாள். பாய் போட்டாள். பிள்ளையின் தலையைத் தடவினாள். ஆனால் ரயிலில் வந்தவளுக்கு ஒரு வாய் தண்ணீர் கொடுக்கவில்லை. வெயிலில் பிள்ளை தண்ணீர் கேட்டான்.

"தண்ணி தார மனசு இருக்கு தாயி," என்றாள் அந்த அம்மாள். "தந்தா என்ன பேரு வருமோன்னுதான் பயமா இருக்கு. தெருவுல பொதுக்கிணறு இருக்கு, நீயே எறச்சுக் குடு."

முப்பிடாதி இறைத்துக் கொடுத்தாள். கோபம் வரவில்லை. தனக்கு இது பத்தாது என்றுதான் தோன்றியது. திரும்பி வந்து சந்தனமாரியிடம் எல்லாவற்றையும் சொன்னாள், நூல் மாதிரி நெளிந்ததையும் நகம் வெட்டினதையும் விடாமல். பிள்ளைக்கு இப்போது எப்படி இருக்கிறது என்று சந்தனமாரி கேட்டாள். தேவலை என்றதும் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"நா வாரேன்க்கா," என்றாள் கடைசியில். "ஆனா எங்கன நின்னு எம் பேரைச் சொன்னியளோ அங்கன நின்னு இதையும் சொல்லணும். அவுக எல்லாரும் இருக்கையில சொல்லணும்."

சொல்கிறேன் என்றாள் முப்பிடாதி. அரிப்பைப் பற்றிப் புருஷனிடம்கூடச் சொல்லக் கூசியவள், படித்துறையில் நின்று ஊர்ப் பெண்கள் முன்னால் சொல்லுவதென்றால் சும்மாவா? ஆனாலும் தங்கசாமி படியேற வேண்டும், இந்தப் பெண் வாழ வேண்டும். தான் போட்ட முடிச்சைத் தானே அவிழ்த்தால் சரியாகிவிடும் என்று நம்பினாள்.

மறுநாள் காலை இரண்டு பேரும் குடத்தோடு படித்துறைக்குப் போனார்கள். அதே பெண்கள் இருந்தார்கள். முப்பிடாதி அதே மேற்படியில் நின்றாள்.

"எல்லாரும் கேளுங்க. இவ எம் பிள்ளைக்கு ஒண்ணும் வைக்கல. பிள்ளைக்கு வந்தது கீரிப்பூச்சி. எங் கையிலதான் இருந்துச்சு, என் நகத்துல. நாந்தான் ஊட்டி ஊட்டி வளத்தேன். எனக்கும் இருந்துச்சு, எங்க வீட்டுக்காரருக்கும் இருந்துச்சு. குற்றாலத்தான் காட்டின மயிரு அவன் மயிரு. நாம் பேசினது பாவம்."

யாராவது சிரிப்பார்கள் என்று எதிர்பார்த்தாள். யாரும் சிரிக்கவில்லை. பெண்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். ரெங்கம்மாள் துணியைக் கல்லில் வைத்துவிட்டுப் படியேறி வந்தாள். முப்பிடாதியின் தாடையைப் பிடித்து வெளிச்சத்துப் பக்கம் திருப்பி, கண்ணுக்குள் உற்றுப் பார்த்தாள்.

"ஏட்டி, நேத்து செங்கோட்டைக்குப் போனியாமே. அங்கன என்னத்தச் சாப்பிட்ட?"

"ஒண்ணும் சாப்பிடல மதினி. தண்ணிகூடக் குடிக்கல."

"கெணத்துத் தண்ணி குடிக்கலயா?"

முப்பிடாதி திகைத்தாள். பிள்ளைக்கு இறைத்தபோது தானும் ஒரு கை அள்ளிக் குடித்தது ஞாபகம் வந்தது. அந்தத் தயக்கமே ரெங்கம்மாளுக்குப் போதுமாக இருந்தது. அவள் கண் கலங்கிவிட்டது. உண்மையாகவே கலங்கியது, முப்பிடாதியிடம் அவளுக்குப் பிரியம் உண்டு.

"அதான் மருந்தோட வேல," என்று மற்ற பெண்களிடம் சொன்னாள். "வச்சவ வாயால சொல்லவேண்டியத இவ வாயால சொல்ல வச்சிருக்கா பாருங்க. எங் கையிலதான் இருந்துச்சுன்னு தாயே சொல்லுதாளே. நல்ல நெலமையில இருக்கவ சொல்லுவாளா இத?"

முப்பிடாதி மறுத்தாள். டாக்டர் சொன்னார் என்றாள், என் கண்ணால் பார்த்தேன் என்றாள். பெரிய கோயிலில் கற்பூரம் அடிக்கிறேன் என்றாள். ஒவ்வொன்றுக்கும் பெண்கள் பாவம் பாவம் என்று தலையை ஆட்டினார்கள். சந்தனமாரி நின்ற படியில் துவைத்துக்கொண்டிருந்தவர்கள் சத்தமில்லாமல் துணியைச் சுருட்டிக்கொண்டு தள்ளிப் போனார்கள். ஒருத்தி தன் மகளை இழுத்து முந்தானைக்குள் மூடிக்கொண்டாள். ரெங்கம்மாள் இருந்த இடத்தில் தான் இருந்திருந்தால் தானும் இதையேதான் சொல்லியிருப்பாள் என்பது முப்பிடாதிக்குத் தெரிந்தது. ஆனாலும் விடாமல் இன்னொரு தடவை, இன்னும் சத்தமாகச் சொல்ல வாயெடுத்தாள்.

சந்தனமாரி அவள் கையைப் பிடித்தாள்.

"போதும்க்கா. நீங்க சொல்லச் சொல்ல, நா கூடக் கூட மருந்து வச்சிருக்கேன்னுதான் ஆகும்."

பிறகு ஆளில்லாத படியில் இறங்கிக் குடத்தைத் தண்ணீரில் அமுக்கினாள்.